உங்களுக்குத் தெரியுமா? போர்ச்சுக்கீசிய மொழியின் பல 'யூ'க்கள்

● ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. போர்ச்சுகலில் நெருங்கியவரிடம் 'டு'; மரியாதைக்கு ஆணை 'ஓ சென்யோர்', பெண்ணை 'ஆ சென்யோரா' என்பார்கள். பிரேசிலின் பெரும்பகுதியில் அன்றாடப் பேச்சுக்கு 'வோசே'.

● உயர்ந்தோரை விளிக்கப் பயன்பட்ட 'வோசா மெர்சே' என்ற தொடரே தேய்ந்து 'வோசே' ஆனது. அதனால்தான் எதிரில் இருப்பவரைச் சுட்டினாலும் அதற்குப் படர்க்கை வினையே வரும்.

● 'சேவு லிவ்ரோ' என்பது உங்கள் புத்தகமாகவும் இருக்கலாம். அவன், அவள் அல்லது அவர்களுடைய புத்தகமாகவும் இருக்கலாம். இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்குமுன் முந்தைய வாக்கியத்தைப் பாருங்கள். ஐயம் வராதிருக்க 'டேலே' (அவனுடைய), 'டேலா' (அவளுடைய) என்ற சொற்களைப் பெயர்ச்சொல்லுக்குப் பின் சேர்ப்பார்கள்.

● ஆங்கில 'ஹிஸ்', 'ஹெர்' உடையவரின் பாலைக் காட்டும். போர்ச்சுக்கீசிய 'சேவு', 'சூவா' உடைமைப் பொருளின் பாலைக் காட்டும். வீடு என்னும் 'காசா' பெண்பால் சொல். உரிமையாளர் ஆணானாலும் 'சூவா காசா'தான்.

● 'ஆ ஜென்டே' என்றால் சொல்லளவில் 'மக்கள்'. பேச்சுவழக்கில் அது 'நாம்'. ஆனால் வினை ஒருமையில் வரும். ஆங்கிலத்தில் 'வீ' என்று எழுதுவதே சரி.

● 'ஃபாலோ' என்றாலே 'பேசுகிறேன்' என்று பொருள். தமிழைப் போல வினை விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ 'ஐ' சேர்த்தே ஆக வேண்டும்.