கொழும்புக்கு கூட்ஸ் ரெயில் ஓடுமா?
தண்டவாளம் ஒத்து வந்தாச்சு; கடல்தான் பாக்கி!

செம்பட்டி:

திண்டுக்கல் பேட்டையில் மூட்டை கட்டும் சின்ன வெங்காயம் இலங்கைக்குப் போவதுண்டு. லாரியில் தூத்துக்குடி, அங்கே கண்டெய்னர், அப்புறம் கப்பல். இத்தனை ஏற்றி இறக்குவதற்குள் சரக்கு முளைவிட்டால் நஷ்டம் யாருக்கு?

1914-ல் "போட் மெயில்" வந்தது. தனுஷ்கோடி வரை ரெயில், தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரெயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே விழுங்கியது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்று போச்சு.

அன்றைக்குக் கடலில் பாலம் இருந்திருந்தாலும் ஒரு வேகன்கூட நேராகப் போயிருக்காது. நம் பக்கம் மீட்டர் கேஜ்; அவர்கள் பக்கம் அகலப்பாதை! இன்று இரு கரையிலும் ஒரே அகலம், 5 அடி 6 அங்குலம். 2015-ல் தலைமன்னார் பாதை மறுபடி திறந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் ரெடி. தனுஷ்கோடி வரை தண்டவாளம் திரும்பப் போடணும். அதற்கப்பால் கடல் சுமார் 30 கிலோமீட்டர்.

இலங்கையின் பெரிய ஏற்றுமதி ஆயத்த ஆடை. அதற்குத் துணியும் நூலும் வெளியிலிருந்து வந்தாகணும். திண்டுக்கல் மில் நூலை இங்கே ஏற்றி நேரே கொழும்பில் இறக்கினால் நாளும் கூலியும் மிச்சம். 2022-ல் டாலர் இல்லாமல் திண்டாடிய நாட்டுக்கு அது சும்மாவா?

தரைவழி இணைப்புக்கு ஆய்வு நடத்துவதாக 2023 ஜூலையில் இரு அரசுகளும் அறிவித்தன. செம்பட்டிக்காரர்களோ திண்டுக்கல் ஸ்டேஷனுக்கே மூட்டையை லாரியில்தான் கொண்டுபோகணும். இங்கே இன்னும் ரெயிலே வரவில்லை!