செர்ட்ரலின்: அந்த முதல் ரெண்டு வாரம்

செர்ட்ரலினை மனச்சோர்வுக்கு வழக்கமா 50 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க. பேனிக் அட்டாக் வர்றவங்களுக்கு 25. ஏன் பாதி? ஆரம்ப நாட்கள்ல இந்த மாத்திரையே படபடப்பைக் கூட்டலாம். பேனிக் இருக்கிறவருக்கு அது அடுத்த அட்டாக் மாதிரியே தெரியும். "எனக்கு ஒத்துக்கல"ன்னு பலர் விடுறது இங்கதான். பலன் முழுசா தெரிய சில வாரம் ஆகும். படபடப்பு தாங்கலைன்னா டாக்டரைக் கேளுங்க, டோஸை அவர் மாத்தட்டும்.

ஒண்ணுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது: தற்கொலை எண்ணம். 25 வயசுக்குள்ள இருக்கிறவங்க, ஆரம்பத்துலயும் டோஸ் மாறும்போதும் ரொம்பக் கவனம். உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. டெலி மானஸ் 14416 நடுராத்திரியும் எடுப்பாங்க.

குணமாயிட்டா? ஓடுற சர்வரோட பிளக்கைப் பிடுங்குவோமா? திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வெல்லாம் வரலாம். டாக்டர் சொல்றபடி படிப்படியா குறைக்கணும்.