ஜூலை 1-க்கு முன்னும் பின்னும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் அடிஅண்ணாமலையில் ஆதி அருணாசலேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். அதே ஊராட்சியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் உண்டு. கடல் தாண்டி வந்தவர்கள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் முகாமில் இருக்கிறார்கள்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறியவர்கள் ராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிவு. பிறகு மாவட்ட வாரியாக அனுப்பிவைப்பு. அந்த மண்டபம் முகாமுக்கு ஒரு முன்கதை உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை வெள்ளைக்காரர்கள் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. அப்படிப் போனவர்களின் சந்ததியில் பெரும்பாலோரை 1948-லேயே நாடற்றவராக்கியது இலங்கை. அவர்களில் பலர்தான் கொள்ளுத்தாத்தா போன அதே வாசல் வழியாகத் திரும்பி வந்தார்கள். இங்கே அவர்களுக்கு வெளிநாட்டவர் என்று பெயர்; 'அகதி' என்ற சட்டத் தகுதிகூட இல்லை.

நாஜிகளிடமிருந்து உயிர்தப்பி, ஊர் திரும்ப வழியில்லாமல் ஐரோப்பாவில் தவித்த யூதர்கள் முதலானோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. அதில் இந்தியா கையெழுத்திடவில்லை; தனியாக அகதிச் சட்டமும் இயற்றவில்லை. ஆக, 'அகதி' என்பது இங்கே வெறும் பேச்சுவழக்கு.

சரி, இங்கேயே பிறந்த பிள்ளைகள்? 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் முடிச்சு இன்னும் இறுகியது: மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து படகேறியவரிடம் விசா ஏது? 1986-இல் பிறந்த அண்ணன் இந்தியர், 1988-இல் பிறந்த தங்கை அந்நியர் என்று ஒரே வீட்டுக்குள் கோடு விழுகிறது. தங்கை பொறியியலே படித்தாலும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

தமிழக அரசு 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 7,469 வீடுகள் கட்டித்தர அறிவிப்பு வந்தது. குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,500 ரூபாயானது. பெயின்ட் அடிக்கப் போகும் ஆண்களுக்கு அது ஓரிரு நாள் கூலி. பெயர் மாற்றம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, ஆவணமில்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது; சிறை பயம் நீங்கியது, அவ்வளவே.

சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் உரிமையைக்கூட வழக்காடித்தான் பெற வேண்டியிருக்கிறது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் முதல் ஓட்டைப் போட்டபோது வயது 38.