பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த ஊமைப்படம்

குடும்பப் பகை என்றால் நமக்குப் புதிதா என்ன? பாண்டவர் கௌரவர் சண்டையைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கூத்தாகப் பார்த்திருப்பீர்கள். பங்காளிப் பகையைச் சொல்லும் பொன்னர் சங்கர் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு பெரும் குடும்பப் பகையைச் சொன்ன படம் ஒன்று உண்டு, வாசகர்களே! படத்துக்குள் நடந்த சண்டை போதாதென்று, படத்தின் பேரிலேயே ஒரு சண்டை மூண்டு, அது நாற்பது ஆண்டுகள் இருட்டில் கிடந்தது. அந்தப் படத்தின் பெயர் 'மார்த்தாண்ட வர்மா'. வெளிவந்த ஆண்டு 1933.

ஊமைப்படம் என்றால் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கக்கூடும். படம் ஓடும், ஆனால் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. நடுநடுவே எழுத்து அட்டைகள் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு கதையை உரக்கச் சொல்வார். தமிழ்நாட்டில் அதைத் தொடங்கி வைத்தவர் ஆர். நடராஜ முதலியார். மோட்டார் உதிரிப்பாக வியாபாரம் செய்துவந்த அவர், சென்னையில் 'கீசக வதம்' எடுத்தார். அதுவும் பாரதக் கதைதான். 1931-இல் 'காளிதாஸ்' வந்து தமிழ் பேசியதும் ஊமைப்படங்களின் காலம் முடியத் தொடங்கியது.

'மார்த்தாண்ட வர்மா' அந்தக் கடைசிக் காலத்துப் படம். தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ். இயக்கியவர் பி.வி. ராவ். சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மலையாள நாவல்தான் கதை. அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் கிராணி வேலை பார்த்த மலையாளிகள் பலர் வீட்டில் இந்தக் கதை தெரிந்திருக்கும்.

கதை இதுதான். வேணாட்டு அரசர் ராம வர்மா நோயில் படுத்திருக்கிறார். அந்நாட்டு வழக்கப்படி அரசனின் மகனுக்குப் பட்டம் இல்லை. சகோதரியின் மகனுக்குத்தான் பட்டம். இதை மருமக்கள் வழி என்பார்கள். ஆகவே பட்டத்துக்கு உரியவர் மருமகன் மார்த்தாண்ட வர்மா. ஆனால் அரசரின் சொந்தப் பிள்ளைகளான தம்பிமார் இதற்குச் சம்மதிப்பார்களா? "பெற்ற மகன் இருக்க மருமகனா?" என்று கொதிக்கிறார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற செல்வாக்குள்ள குடும்பங்கள் அவர்கள் பக்கம் சேர்கின்றன. இளவரசர் உயிர் தப்ப ஓடி ஒளிகிறார். நெய்யாற்றின்கரையில் பலாமரப் பொந்து ஒன்றில் அவர் ஒளிந்திருந்ததாக அந்த ஊரார் இன்றும் சொல்வார்கள்.

இதற்கிடையே ஒரு காதல். செத்துப்போனதாக ஊரே நம்பிய அனந்தபத்மநாபன், பைத்தியக்காரச் சாணார் வேடத்தில் திரிந்து இளவரசரைக் காப்பாற்றுகிறான். அவனுக்காகக் கண்ணீரோடு காத்திருக்கிறாள் பாறுக்குட்டி. நம் மனத்தை உலுக்குகிறவள் சுபத்திரை. சதித் திட்டத்தை உளவறிந்து இளவரசருக்குத் துணை நின்ற அந்தப் பெண்ணை, அவள் மாமனே வெட்டிச் சாய்க்கிறான். ஆண்கள் பட்டத்துக்குச் சண்டை போட, பலியானவள் ஒரு பெண். எந்த ஊர்ப் பகையை எடுத்துப் பார்த்தாலும் இதுதானே நடக்கிறது!

சரித்திரத்தில் வென்றவர் மார்த்தாண்ட வர்மாதான். 1729 முதல் 1758 வரை ஆண்டார். தம்பிமாரும் பிள்ளைமாரும் அழிந்தார்கள். அவர் வாழ்ந்த பத்மநாபபுரம் அரண்மனை, 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்ட பிறகு, தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிற்கிறது. பராமரிப்பு மட்டும் கேரள அரசிடம்.

இனிப் படத்தின் கதைக்கு வருவோம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டது. சில நாட்களே ஓடியது. நாவலின் உரிமை கமலாலயா புத்தக நிலையத்தாரிடம் இருந்தது. தங்கள் அனுமதி இல்லாமல் படம் எடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்தில் தயாரிப்பாளர் பக்கம் தோற்றது. படச்சுருள் பதிப்பகத்தாரின் கைக்குப் போயிற்று. போட்ட பணமும் உழைப்பும் பெட்டிக்குள் அடங்கிவிட்டன.

இங்கேதான் விதியின் விளையாட்டைப் பாருங்கள். தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. அவை எங்கே? அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றும். பேசும் படம் வந்தபின் யாரும் அவற்றைச் சீண்டவில்லை. அதில் இருந்த வெள்ளிச் சத்துக்காகக் கரைத்து விற்றவர்களும் உண்டு. 'கீசக வதம்' போயிற்று. சுந்தர்ராஜின் உறவினர் ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' போயிற்று. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்த பி.கே. ரோசியை, தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதற்காகவே ஊரைவிட்டு விரட்டினார்கள். அவர் நடிப்பைப் பார்க்க இன்று ஒரு துண்டுப் பிலிமும் இல்லை. ஆனால் வழக்கில் தோற்றுப் பூட்டி வைக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் பிழைத்துக்கொண்டது!

1974-இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் அதைப் பதிப்பகத்தாரிடமிருந்து பெற்றது. அந்தக் காப்பகத்தைக் கட்டி வளர்த்தவர் பி.கே. நாயர். அவர் பிறந்ததும் திருவனந்தபுரத்தில்தான். பிறந்த ஆண்டும் அதே 1933.

நம் நாட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். 1934-இல் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர் சிங்கப்பூரில் 'லைலா மஜ்னூன்' எடுத்தார். மலாய் மொழியின் முதல் கதைப்படம் அதுவே. பெற்றோர் பிரித்த காதலர்களின் கதை. அதன் பிரதி இன்று இல்லை. பினாங்கில் 1929-இல் பிறந்த பி. ராம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' படத்தை இயக்கியவர், பினாங்கில் வளர்ந்த தமிழர் எல். கிருஷ்ணன். ராம்லி பிறந்த வீட்டைத் தேசியக் காப்பகம் சீர்செய்து ஜார்ஜ் டவுனில் காட்சிக்கு வைத்திருக்கிறது. பட்டணம் போகும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, பிறர் பொருளைத் தொடுமுன் பேசி முடித்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சுந்தர்ராஜுக்கு இருந்த ஆசையில் குறையில்லை. ஒரு சம்மதக் கடிதம் இல்லாததால் எல்லாம் போயிற்று. நம் வீடுகளிலும் அப்படித்தான். அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய மனைக்கும், மச்சானுக்குக் கொடுத்த கைமாற்றுக்கும் ஒரு காகிதம் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பேச்சுவார்த்தையோடு இருந்திருக்கும்!

மற்றொன்று, பழையதைத் தூக்கி எறியாதீர்கள். ராஜுலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய தாத்தாவின் கப்பல் சீட்டு, லயத்து வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், பழைய சம்பளச் சீட்டு எல்லாம் உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்களும் போய்விட்டன. ரோசியின் முகத்தைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்கள் பாட்டியின் முகமாவது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.