சிறு பெட்டிக்கு ஏற்ற ஸ்பீக்கர்

மாணவர்களே, மின்கிதாருக்கென எளிதில் தூக்கிச் செல்லத்தக்க சிறு ஸ்பீக்கர் பெட்டி செய்ய முனைவோர், பெரிய வாட் எண்ணைக் கண்டு மயங்குவதுண்டு. அவ்வெண் ஸ்பீக்கர் தாங்கும் மின்திறனைக் குறிக்குமேயன்றி, எழுப்பும் ஒலியைக் குறிப்பதன்று. நோக்க வேண்டுவது அதன் உணர்திறன். அதாவது, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எழும் டெசிபெல் அளவு. 97 டெசிபெல் ஸ்பீக்கரை நீக்கி 100 டெசிபெல் ஸ்பீக்கரைப் பொருத்தினால், 15 வாட் ஆம்பிளிபயர் 30 வாட் போல் முழங்கும்.

எடையோ பெரும்பாலும் காந்தத்தில் இருக்கிறது. 1980களில் தோன்றிய நியோடிமியக் காந்தம் பெரைட்டினும் பன்மடங்கு வலியது. ஆதலால் சிறு துண்டே போதும். விலைதான் சற்றுக் கடிக்கும்! ஓம் அளவு ஆம்பிளிபயருக்கு ஒத்திருத்தல் வேண்டும். அடைத்த பெட்டி மிகச் சிறிதாயின், உள்ளிருக்கும் காற்று கூம்பின் அசைவைத் தடுத்து, 82 ஹெர்ட்ஸில் அதிரும் தடித்த தந்தியின் ஒலியை மெலியச் செய்யும். அங்கே 12 அங்குலத்தைவிட 10 அங்குல ஸ்பீக்கரே பொருந்தும்.