கல்லூரிக் கட்டுரைக்குத் தலைப்பு தேடும் பிள்ளைகளுக்கு

கல்லூரியில் கட்டுரை எழுதி வரச் சொன்னால் நம் பிள்ளைகள் பலர் 'சுற்றுச்சூழல் மாசு' போன்ற பெரிய தலைப்பைத்தான் எடுக்கிறார்கள். பிறகு இணையத்தில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் பத்துப் பக்கம் நிரப்புகிறார்கள். அதில் அவர்கள் சொந்தமாகச் சொன்னது ஒரு வரிகூட இருக்காது.

திருமானூர் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே கரைவெட்டி ஏரி இருக்கிறது. 1999-ல் பறவைகள் சரணாலயமான இந்த ஏரி, 2024-ல் உலக அளவிலான ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் 'கரைவெட்டி சரணாலயம்' என்று எழுதினாலும் அது தலைப்பாகிவிடாது. காவிரியிலிருந்து புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் தண்ணீரைச் சுற்றியுள்ள வயல்களும் எதிர்பார்க்கின்றன, குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகளும் எதிர்பார்க்கின்றன. 'இரண்டுக்கும் தண்ணீர் எப்படிப் போதுகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் தலைப்பு.

கேள்வி கிடைத்துவிட்டால் வரிசை சிரமமில்லை. தண்ணீர் வரும் வழி, பாசனத் தேவை, பறவைகளின் தேவை, இரண்டும் மோதும் இடம், கடைசியில் உங்கள் பதில். ஒரு பத்திக்கு ஒரு செய்தி போதும். கேள்விக்கு உதவாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். (இதுதான் மனசு வராத வேலை!) முன்னுரையை எல்லாம் முடிந்தபின் எழுதுங்கள்.

பெற்றோரே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளையை, குறிப்பாகப் பெண் பிள்ளையை, ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள விவசாயி ஒருவரிடம் பேசட்டும். அவர் சொன்னதோடு, அவருடைய ஊரையும் பேசிய தேதியையும் அங்கேயே நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.