‘டேய் ஆபரேட்டரு!’

படம் நன்றாக இருந்தால் கைத்தட்டல் எம்.ஜி.ஆருக்கு; ரீல் அறுந்தால் வசவு ஆபரேட்டருக்கு. டூரிங் டாக்கீஸ்களில் இது எழுதாத சட்டம். எண்பதுகளில் எங்கள் ஊர்க் கொட்டகையில் ஆபரேட்டர் அண்ணனுக்கு எடுபிடியாக இருந்ததால், அந்த வசவில் எனக்கும் பங்கு உண்டு.

புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. நிமிடத்துக்கு 90 அடி பிலிமை விழுங்கும். சுருள் தீர்ந்தால் அடுத்ததை மாட்டும்வரை இடைவேளை. ஒரே படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை வரும். முறுக்கு விற்பவர் மட்டும் எங்களைத் திட்டியதே இல்லை.

புரொஜெக்டருக்குள் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிக்கு நடுவே தாவும் நெருப்புதான் திரைக்கு வெளிச்சம். குச்சி எரிந்து குறையக் குறைய, திருகித் திருகி நெருக்கிவைக்க வேண்டும். அண்ணன் பீடி குடிக்க வெளியே போனால் கதாநாயகியின் முகம் மங்கிவிடும். உடனே தரை டிக்கெட்டிலிருந்து விசில். “டேய் ஆபரேட்டரு, கார்பனைத் தள்ளுடா!” கார்பனைக் கண்ணால் பார்க்காதவருக்கும் அதைத் தள்ள வேண்டும் என்பது தெரிந்திருந்தது!

எங்களிடம் வந்துசேரும் பிரிண்ட் பல ஊர் தண்ணீர் குடித்தது. அறுந்த இடத்தையெல்லாம் வெட்டி ஒட்டியிருப்பார்கள். கதாநாயகன் கையை ஓங்குவார். அடுத்த நொடியே வில்லன் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான். ஒரு பெரியவர் டிக்கெட் கவுண்டருக்கே வந்துவிட்டார்: “சண்டையைக் காணோம். அதுக்கான காசைக் கொடு!”

1971-இல் வெளியான ‘ஆதிபராசக்தி’யை மறுபடி போட்டால் பெண்கள் பக்கம் நிச்சயம் யாருக்காவது சாமி வரும். முதலாளி வேப்பிலை, திருநீறு எல்லாம் முன்கூட்டியே வாங்கிவைப்பார். ஒரு நாள், ஓர் அம்மாவுக்கு அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ரீல் அறுந்தது. அவர் சட்டென்று கண்ணைத் திறந்து, “டேய் ஆபரேட்டரு!” என்று ஒரு குரல் கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் அருள்வாக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணனுக்கோ காய்ச்சலே வந்துவிட்டது. மறுநாள் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் கேபினுக்குள் காலை வைத்தார்.

இப்போது படம் டிஜிட்டலாக வருகிறது. அறுக்கவும் ஒட்டவும் ஒன்றுமில்லை. உங்கள் ஊர்க் கொட்டகையின் பழைய ஆபரேட்டர் கண்ணில் பட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். யார் யார் என்னென்ன திட்டினீர்கள் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.